ஓட்டோ சொன்ன டூ

ஐயோ, உங்களையச் சொல்லலீங்க! தப்பா எடுத்துக்காதீங்க. "நீ வா, நீ உக்காரு"ன்னு முனகிட்டு வந்தது எனக்கு நானே. பக்கத்துல உக்காந்த கெழவன் பல்லடம் தாண்டறதுக்குள்ள நாலு தடவை "நீ"ன்னா யாருக்குத்தான் கோவம் வராது? நீங்க அக்கட்டால நகந்து உக்காந்தப்பத்தான் எனக்கே ஒறச்சுது. பாடம் பண்ணிட்டு இருக்கறனுங்க, பரிச்சைக்குப் போறவனாட்ட. அறுவத்தஞ்சு வயசுல ஒத்தை எழுத்துப் பாடம். அதுவும் வாயில வர மாட்டீங்குது.

பேரு சென்னியப்பனுங்க. காங்கயத்துக்குத் தெக்கால தோட்டம். சிங்காநல்லூர்ல எறங்கி அங்கிருந்து ஏர்போர்ட் போகோணும். என்ற சம்பந்தி அமெரிக்காவுலிருந்து வாறாரு. சம்பந்தியக் கூட்டியார பஸ்ஸுலயா போவாங்கன்னு கேப்பீங்க. காரு இருக்குதுங்க. காரு, பையன், மருமக, சம்சாரம், பேத்தி எல்லாம் ஒட்டுக்காக் காலையிலயே போயாச்சு. என்னைய மட்டும் ஊட்டுல இருங்கன்னுட்டாங்க. "அப்பா, நீங்க வந்தா மறுபடியும் எதாச்சும் ஆயிரும்"னான் பையன். அவுங்க காரு முக்குத் திரும்பற வரைக்கும் பொறுத்திருந்து, துண்டை எடுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்டனுங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட வயசுல கூட இப்படி ஒளிஞ்சு ஓடுனதில்ல.

சம்பந்தி பேரு ஓட்டோ. ஆமாங்க, ஓட்டோதான். கல்யாணப் பத்திரிகையில போட்டு ஊர் முச்சூடும் குடுத்தப்ப, "சம்பந்திக்குச் சொந்த ஆட்டோவா, வாடகை ஆட்டோவா?"ன்னு கேட்டவங்க உண்டு. எனக்கு அப்பவே ரோசம். "அறுவது மாடு, முந்நூறு ஏக்கரா"ன்னு பத்திரிகையிலயே போட்டிருக்கோணும்னு சம்சாரத்துகிட்டச் சொன்னேன். "மாட்டுப் பேரையும் போட்டிருக்கலாம்"னா அவ. துளசாமணி அப்படித்தானுங்க. வாயைத் தொறந்தா வெட்டுத்தான்.

விஸ்கான்சின்னு ஒரு சீமைங்க. அமெரிக்கா போறேன்னு சபாரி தெச்சுட்டுப் போனனா, போய் எறங்குன எடம் எங்க தோட்டத்தை விடப் பட்டிக்காடு. பாக்கற பக்கமெல்லாம் மக்காச்சோளமும் புல்லும். சம்பந்தி அங்க பொறந்தவரில்லீங்க, ஜெர்மன்காரரு. பத்தொம்பது வயசுல கப்பலேறி, மாமன் பண்ணைக்கு ஆளா வந்தாராம். ஏழு வருசம் மாமங்கிட்டச் சாணி வழிச்சுப்போட்டு, சொந்தமா நாலு மாடு புடிச்சு, அந்தப் பக்கத்துலயே ஜெர்மன் வம்சத்துல ஹெட்விக்னு ஒரு புள்ளையக் கட்டிக்கிட்டாரு. ரொம்ப நாள் கழிச்சு, நாப்பத்திரண்டு வயசுல ஒத்தை மக. அவதான் எங்க மருமக அன்னெலீஸ். நாங்க அன்னம்ங்கறம். என்ற பையன் கௌரிசங்கருக்கு அங்க பால் கறக்கற மிசின் கம்பெனியில வேலை. மிசினை ரிப்பேர் பண்ணப் போனவன் புள்ளையப் பாத்துட்டு வந்துட்டான். மிசின் சரியாச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க.

இங்க ஒண்ணு சொல்லோணும். நீங்க எந்த ஊரோ, ஆனா எங்க பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரியும். தொட்டில்ல கெடக்கற கொழந்தையக் கூட "ஏனுங்க சாமி, பால் குடிச்சீங்களா?"ம்போம். யாராயிருந்தாலும் நீங்க, வாங்க, போங்கதான். மரியாதையில எங்க சீமைய அடிச்சுக்க ஆளில்ல. எங்க பண்ணையத்துல மாரான்னு இருக்கறான், எனக்கு ஆறு வயசு மூத்தவன், அவனைத்தான் நீ, வா, போங்கறது. அது வேறைங்க. மத்தபடி ஒருத்தரையும் நான் ஒருமையில பேசுனதில்ல. அப்பன் ஆத்தா தவிர என்னையவும் ஒருத்தரும் பேசுனதில்ல. அப்படி "ங்க"ங்கற எழுத்துலயே வளந்த ஒடம்பு இது.

ரெண்டு வருசத்துக்கு மிந்தி, அன்னத்துக்குப் பேறுகாலம்னு ரெண்டு பேரும் போனம். சித்திரைக் கடைசியிலிருந்து ஆறு மாசம். துளசாமணிக்குக் கைநெறைய வேலை. எனக்கு? கொழந்தையத் தூக்குனா "கழுத்தைப் புடிங்க"ன்னு வைவாங்க, அடுப்படிக்குப் போனா "குறுக்க நிக்காதீங்க"ம்பாங்க. மூணாம் நாள் வேட்டியக் கட்டி, மேல பையனோட குளிர்ச் சட்டையப் போட்டுட்டு, சம்பந்தி மாடு கட்டற கட்டுத்தரைக்குப் போய் நின்னேன். பையன் ஊடு அதே பண்ணைக்குள்ளதான், கூப்புடற தூரம்.

சம்பந்தி என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. ஆறடி ஆளு, வாயில வார்த்தை கம்மி. என்ற செருப்பைப் பாத்தாரு, சாணியப் பாத்தாரு. கதவோரம் ஒரு சோடி பச்சை ரப்பர் பூட்ஸு இருந்துச்சு. அதைச் சித்த நேரம் பாத்துட்டே நின்னவரு, எடுத்து என்ற காலடியில வெச்சாரு. கணக்காப் பொருந்துச்சுங்க. எனக்குக் காலு சின்னது. "பொம்பளைக் காலு"ன்னு துளசாமணி சிரிப்பா. அப்பறம் கட்டுத்தரையில எப்பவும் அதுலதான் நடந்தேன்.

எனக்கு இருந்தது மாட்டுக்குப் போதுமான இங்கிலீசு. அவருக்கு இருந்ததும் அவ்வளவுதான்னு மருமக சொல்லுவா, அம்பது வருசமாகியும். ஆனா மாடு தெரிஞ்சவங்களுக்குப் பேச்சு எதுக்குங்க? மொத நாளே என்ற கைவரிசையக் காட்டறேன்னு மிசினை நகத்திப்போட்டுக் கையில கறக்க உக்காந்தேன். அந்தச் சீமைமாடு பொறந்ததுலருந்து மனுசன் கையப் பாக்காதது. ஒரே ஒதை. வேட்டியோட சாணிக் கால்வாய்ல மல்லாக்க விழுந்தேன். சம்பந்தி சிரிக்கல. கையக் குடுத்துத் தூக்குனாரு, தண்ணி ஊத்திக் கழுவி உட்டாரு, பழைய முழுக்கால் சட்டை ஒண்ணு குடுத்தாரு, அப்பறம் கட்டுத்தரைக்குப் பின்னால போய்ச் சிரிச்சுட்டு வந்தாரு. சத்தம் கேட்டுச்சுங்க.

அன்னாடும் காலையில நான் போனதும், "பால் கறந்தாச்சுங்களா?"ம்பேன். நம்மூருல கேக்கற மாதிரி. நாலே நாள்ல புடிச்சுக்கிட்டாரு. அப்பறம் நான் வாயைத் தொறக்கறதுக்கு மின்னாலயே "பால் கறந்தாச்சுங்களா?"ன்னு அவரு கேப்பாரு, மிசினை அவரே கழட்டிட்டு! மாட்டுகிட்ட மட்டும் ஜெர்மன்ல பேசுவாரு. தடவிக் குடுத்துட்டே என்னமோ "டூ... டூ..."ம்பாரு. மாடு திரும்பிப் பாக்கும். நம்மூரு "பா, பா" மாதிரி மாட்டுப் பாசை போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன். இந்த எடத்தை ஞாவகம் வெச்சுக்கோங்க.

புரட்டாசியில ஒரு மாட்டுக்குக் கன்னு வயித்துக்குள்ள குறுக்க விழுந்துருச்சு. டாக்டர் வர நேரமாகும்னுட்டாங்க. ரெண்டு கெழவனும் சட்டையக் கழட்டிட்டு எறங்கிட்டம். நான் உள்ள கைய உட்டுத் தலையத் திருப்ப, அவரு கால்ல கயிறு கட்டி இழுக்க, ஒரு மணி நேரம். கன்னு உசுரோட வந்து விழுந்து, மூக்குல வெக்கோல் குத்தித் தும்முச்சு. நானும் அவரும் அப்படியே வெக்கோல்ல சாஞ்சு உக்காந்து ஒருத்தரை ஒருத்தரு பாத்தம். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க. அன்னிக்கு இருந்த மாதிரி ஒருத்தரு பக்கத்துல உக்காந்து எனக்கு நெஞ்சு நெறஞ்சதில்ல. இதை வெளிய சொல்றது உங்ககிட்டத்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சம்பந்தி எல்லாத்தையும் ஊட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்புட்டாரு. பக்கத்துப் பண்ணைக்காரரும் அவரு சம்சாரமும் கூட வந்திருந்தாங்க. சம்பந்தி கோட்டுப் போட்டிருந்தாரு. நான் சபாரி. சாப்புட்டு முடிச்சதும் அலமாரியத் தொறந்து ரெண்டே ரெண்டு சின்னக் கிளாஸ் எடுத்து, பேரிக்காய்ல அவரே எறக்குன சரக்கை ஊத்தி, ஒண்ணை என்ற கையில குடுத்தாரு. நான் தொடறதில்லீங்க. தோட்டத்துல தென்னங்கள்ளு எறக்குன காலத்தை இப்பப் பேச வேண்டாம். எல்லாரையும் பக்கத்துல வெச்சுட்டு, அவரு கைய என்ற கையோட கோத்துட்டு, ஆறடி ஆளு விறைப்பா நின்னு, என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு: "டூ!"

நீங்களே சொல்லுங்க. சின்னப் புள்ளைல நாம டூ உட்டா என்ன அர்த்தம்? உங்கூடப் பேச மாட்டேன், சங்காத்தமே வேண்டாம்னு அர்த்தம். இல்லீன்னா, அவரு மாட்டைக் கூப்படற சத்தம். ரெண்டுல எதுவா இருந்தாலும் சம்பந்தியப் பாத்துச் சொல்ற சொல்லா இது? நான் திருதிருன்னு முழிக்கறதைப் பாத்துட்டு அவரு சட்டைப் பையிலருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாரு. அதைப் பாத்துட்டு, என்ற நெஞ்சுல வெரலை வெச்சு, அத்தனை பேரு மின்னாடியும், நல்லாத் தெளிவாச் சொன்னாரு: "நீ."

"நீ, சென்னி. நான், ஓட்டோ."

என்ற அப்பன் ஆத்தாவுக்கு அப்பறம் அந்தச் சொல்லை எனக்குச் சொன்ன மொத ஆளுங்க. அதுவும் சம்பந்தி. அதுவும் சபை நடுவுல. எனக்குக் காது ரெண்டும் சுட்டுப்போச்சு. கைய உருவிட்டு, கிளாஸை அப்படியே மேசை மேல வெச்சுட்டு, வெளிய வந்துட்டேன். திரும்பிக் கூடப் பாக்கல. பாத்திருந்தா அவரு மொகத்தைப் பாத்திருப்பேன்.

ஊருக்குத் திரும்ப இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. நான் கட்டுத்தரைப் பக்கம் எட்டிப் பாக்கல. பூட்ஸைக் கொண்டுபோய் எடுத்த எடத்துல வெச்சுட்டேன். "அவரு என்னமோ ஆசையாத்தான் சொன்னாரு"ன்னா துளசாமணி. "ஆசையா? வேலைக்காரனைச் சொல்ற மாதிரி நீங்கறாரு, உனக்கு என்ன தெரியும், நீ பேசாம இரு"ன்னேன். "நாப்பது வருசமா நீங்க என்னைய நீன்னுதானுங்க கூப்படறீங்க. அது ஆசையிலயா, வேலைக்காரின்னா?"ன்னு கேட்டா. அது வேறன்னுட்டேன். வேறதானுங்களே?

கெளம்பற அன்னிக்குச் சம்பந்தி வாசல்ல வந்து நின்னாரு. கையக் குடுத்தாரு. குனிஞ்சு, ஒவ்வொரு எழுத்தா, "போயிட்டு வாங்க"ன்னாரு. ங்க! எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. சரி, மனுசன் திருந்திட்டாரு, நாம காட்டுன ரோசத்துக்கு பலன் இருக்குதுன்னு நெனச்சுட்டே ஏரோப்ளான் ஏறுனேன்.

ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனாப் போன் பண்ணுவாரு. "நீங்க சௌக்கியமுங்களா? பால் கறந்தாச்சுங்களா?" ரெண்டே கேள்வி, கட் பண்ணிடுவாரு. நான் சத்தமா வெச்சு அக்கம்பக்கத்துக்குக் கேக்க வெப்பேன். "பாத்தீங்களா, வெள்ளைக்காரருக்கு மரியாதை சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கறேன்"னு நெஞ்சை நிமித்துவேன். பஞ்சாயத்துத் தலைவர்கிட்டக் கூடச் சொன்னனுங்க. இப்ப நெனச்சா அந்தப் போனை எடுத்து என்ற மண்டையிலயே போட்டுக்கலாம்னு இருக்குது.

பேத்திக்கு நாளன்னிக்குக் காதுகுத்து. மாமன் மடியில வெச்சுக் குத்தோணும். அன்னத்துக்குக் கூடப் பொறந்தவன் இல்ல, அதனால அம்மாவைப் பெத்த அப்புச்சி மடின்னு முடிவாச்சு. அவரும் வரேன்னுட்டாரு. பையன் குடும்பம் மிந்தியே வந்துட்டாங்க. போன வாரம் அவருக்குன்னு ஒரு அறைக்கு நான் வெள்ளையடிச்சுட்டு இருக்கறப்பத்தான் அன்னம் வந்து சொல்றா: "மாமா, அப்பா இங்க தங்க மாட்டாங்க. கோயமுத்தூர்ல லாட்ஜ் சொல்லியாச்சு."

சம்பந்தி லாட்ஜுல தங்கறதாம்! எங்க ஊட்டு ஒறம்பரை லாட்ஜுல தங்குனா நான் ஊருக்குள்ள தலையக் காட்ட முடியுங்களா? "ஏன், எங்க மரியாதையில என்ன கொறை? அவருந்தான் இப்ப மரியாதையாப் பேசறாரே"ன்னு குதிச்சேன். அன்னம் என்னையவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் உக்கார வெச்சு, அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னா.

அவுங்க பாசையிலயும் நம்மள மாதிரியே ரெண்டு இருக்குதாங்க. நீங்களுக்கு "சீ". நீயுக்கு "டூ". என்ன பாசைங்க இது! மரியாதைக்குச் சீ, பாசத்துக்கு டூ! நம்மூருல சீன்னா நாய் கூட எந்திரிச்சுப் போயிரும். ஆனா அவுங்ககிட்ட அந்த டூவைச் சும்மா யாருக்கும் குடுத்துட மாட்டாங்களாம். மூத்தவங்கதான் எடுத்துக் குடுக்கோணும், கைகோத்துக் குடிச்சுக் குடுக்கோணும், ஒரு தடவை குடுத்தா உசுரு இருக்கற வரைக்கும். அன்னிக்கு வந்திருந்தாரே பக்கத்துப் பண்ணைக்காரரு, அவரும் ஜெர்மன் வம்சந்தான், நாப்பது வருசப் பழக்கம், அவருக்கே குடுக்கலையாம். இங்கிலீசுல இந்த ரெண்டும் கெடையாது, எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. அன்னத்துக்கு ஜெர்மன் அரைகொறை. அதனால அவரு டூன்னு கூப்புட்டுட்டு இருந்தது அந்தம்மா ஹெட்விக்கை மட்டுந்தான். அந்தம்மா காலமானப்பறம் நாலு வருசமா அந்தச் சொல்லுக்கு ஆளில்லாம மாட்டுகிட்டச் சொல்லிட்டு இருந்திருக்கறாரு.

அதைத்தான் எனக்குக் குடுத்தாரு. எனக்குப் புரியோணுமேன்னு தமிழ்ல என்னன்னு மகளைக் கேட்டு, அவ எம்பையனைக் கேட்டு, அந்தக் கூமுட்டை எதுக்குன்னு கேக்காம "நீ"ன்னு சொல்லி, அதைச் சீட்டுல எழுதி, பாடம் பண்ணி, கோட்டுப் போட்டுட்டு வந்து குடுத்தாரு. நான் அந்தக் கிளாஸைத்தான் மேசையில வெச்சுட்டு வந்தேன்.

"அப்பறம் அப்பா எங்கிட்டத் தமிழ்ல 'சீ'க்கு என்னன்னு கேட்டாங்க. நான் நீங்கன்னு சொன்னேன்"னா அன்னம். ஒரு தடவை டூ சொல்லிட்டுத் திரும்பி 'சீ'க்குப் போறதுன்னா கதவைச் சாத்தறதாம். ரெண்டு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்குக் கதவைச் சாத்திட்டு இருந்திருக்கறாரு. நான் அதை ஊருக்கே சத்தமா வெச்சுக் காட்டியிருக்கறேன். அந்தப் பச்சை பூட்ஸு யாருதுன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தம்மாளுதாம். நாலு வருசமா அதை யாரையும் தொட உட்டதில்லையாம்.

பொக்குனு போச்சுங்க. வெள்ளையடிச்ச கையோட செவுத்துல சாஞ்சு அழுதுட்டேன். துளசாமணி வந்து பாத்தா. தண்ணி மட்டும் கொண்டாந்து குடுத்தா.

அதுதானுங்க கதை. இன்னிக்கு அவரு காருல ஏறி லாட்ஜுக்குப் போறதுக்குள்ள நான் போய் அந்தச் சொல்லைச் சொல்லோணும். அதுக்குத்தான் ஒரு வாரமாப் பாடம். தென்னை மரத்துகிட்டச் சொல்லிப் பாத்தேன், "நீ வாங்க"ன்னு வருது. மாரான் பாத்துட்டு, "என்னுங்க கவுண்டரே, எனக்கு இது நல்லா வருமுங்களே, ஆனா என்னைய யாரு சொல்ல உடறாங்க?"ன்னு சிரிச்சான். அது வேறன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல.

இருங்க, போனடிக்குது. பையன்.

ஆமாண்டா, பஸ்ஸுலதான். ஒண்டிப்புதூர் தாண்டியாச்சு. வையாத. வந்துட்டாரா? லாட்ஜுக்குத்தான் போறேங்கறாரா? போனை அவருகிட்டக் குடு. குடுடாங்கறேன்!

சித்த இந்தத் துண்டைப் புடிச்சுக்கோங்க.

ஏனுங்க சம்பந்தி, சௌக்கியமுங்... சே! இல்லீங்க. இல்ல! ஓட்டோ! நான் சென்னி. டூ! கேக்குதா? டூ, ஓட்டோ! நீ! நீ லாட்ஜுக்குப் போகாத. நீ அங்கயே நில்லு.

போன் இன்னும் கட்டாகலீங்க. முன் சீட்டுப் புள்ளைங்க சிரிக்குது பாருங்க, கெழவன் போன்ல டூ உடறானாம். சிரிக்கட்டும். நீங்க சிரிக்காதீங்க, உங்களுக்குத்தான் தெரியுமே.

ஆங், சொல்லு ஓட்டோ.

கேட்டீங்களா? இந்தாங்க, நீங்களே காதுல வெச்சுக் கேளுங்க. "பால் கறந்தாச்சா?"ங்கறாரு. "ங்களா" இல்ல. இல்லதானுங்களே?

குடுங்க, குடுங்க. இன்னும் கறக்கல ஓட்டோ. நீ வா.